ஜம்பர்ஸ் நீ

உங்கள் பள்ளியிலும் ஒரு டிரில் மாஸ்டர் இருந்திருப்பார்: கழுத்தில் விசில் கயிறு, வெள்ளைக் கால்சட்டை, வெயில் குடித்துக் கறுத்த முகம், கையில் அப்போதுதான் ஒடித்த வேப்பங்குச்சி. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தவருக்கு இவை போக இன்னொரு விசேஷமும் உண்டு. அவருக்கு எண்ண வராது. தோப்புக்கரணம் போடச் சொல்லிவிட்டு மரத்தடி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘ஒன்னூ... ரெண்டூ...’ என்று ஆற அமர எண்ணிக்கொண்டே வருவார். பன்னிரண்டு வரும்போது பார்த்து அந்தப் பக்கமாகப் போகும் எவனையாவது கூப்பிட்டு வெற்றிலை வாங்கிவரக் காசு கொடுப்பார். கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, ‘எதுல விட்டேன்? ம், ஏழு. எட்டூ...’ என்று தொடர்வார். கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டியறியாத நாங்கள், பாவம் மனிதருக்கு எண்ணிக்கை நிற்கவில்லையே என்று அவருக்காக இரங்கினோம். அந்த வயதின் அறிவு அவ்வளவுதான்.

சடசடவென்று போட்டு முடித்துவிடலாம் என்றாலும் நடக்காது. ‘டேய், தவளை மாதிரி குதிக்காத. மெதுவா எறங்கு, மெதுவா ஏறு. ஆத்தா மாவாட்டுற மாதிரி’ என்பார். அந்த மெதுவில்தான் தண்டனையின் காரமே இருந்தது. வேகமாகப் போட்டால் ஐம்பதுகூடப் போடலாம். அவர் சொன்னபடி போட்டால் பத்திலேயே தொடை நடுங்கும். பெரிய குற்றங்களுக்கு, அதாவது சுவரேறிக் குதித்து மேட்னி போனது போன்றவற்றுக்கு, காத்துல சேர். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வெற்றிலை போட்டு, சாறு இறங்கி, துப்பிவிட்டு வரும்வரை.

இதையெல்லாம் முப்பத்தாறு வருஷம் மறந்திருந்தேன். 2023இல் ஒரு நாள், மதுரையில், ஏசி ஓடும் ஓர் அறையில், என் மகள் வயதுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைச் சுவரில் சாய்ந்து நிற்கவைத்து, ‘அப்படியே சேர்ல உட்கார்ற மாதிரி கீழ இறங்குங்க சார், மெதுவா, 45 செகண்ட் இருங்க’ என்றபோது, என் கண்கள் அனிச்சையாக வேப்பங்குச்சியைத் தேடின. குச்சி இல்லை. கைப்பேசியில் ஒரு கடிகாரம் ஓடியது. முடித்ததும் அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். டிரில் மாஸ்டர் ரசீது கொடுத்ததில்லை, காசும் வாங்கியதில்லை.

எப்படி அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றால், அதற்கு வைகைக்குப் போகவேண்டும்.

சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வைகை வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடந்த காலம். தென்னந்தோப்பின் விளிம்பில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, நடுவே பழைய மீன்வலையைக் கட்டினால் அதுதான் வாலிபால் கோர்ட். எல்லைக்கோட்டைக் குதிகாலால் கிழித்துக்கொள்வோம். பந்து ஒன்றுதான், தோலால் ஆனது, மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் வந்துவிடும், காற்று இறங்கினால் சைக்கிள் கடை அண்ணன் பிளாடரை வெளியே இழுத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருமிடம் பார்த்து ஒட்டித் தருவார், எங்கள் கையில் இருப்பதற்கு ஏற்றபடி காசு வாங்கிக்கொள்வார். நான்தான் கட் அடிப்பவன். ‘லிஃப்ட் குடு மாப்ள’ என்று கத்தியபடி மூன்று எட்டு ஓடி எழும்பினால், வலைக்கு மேலே தோள் தெரியும் என்பது என் நினைவு. கூட ஆடியவர்கள் நெற்றி தெரியும் என்கிறார்கள். எழும்பியது எவ்வளவோ, விழுந்தது மணலில். குதிகால் புதைய, முழங்கால் புதைய, சிலசமயம் முகமும் புதைய விழுவோம். அந்த மணல் எத்தனை லட்சம் தரையிறக்கங்களை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது மணலை யார் நினைத்தார்கள்? லாரிகள் நினைத்தன. தொண்ணூறுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக மதுரையின் மாடிவீடுகளுக்குள் போய்விட்டது. எங்கள் கோர்ட்டின் ஒரு பகுதி என் வீட்டு மொட்டைமாடிக்குள்ளேயேகூட இருக்கலாம்.

இந்த விளையாட்டின் பிறப்பு விவரத்தை நான் தெரிந்துகொண்டது முட்டி போனபிறகுதான். 1895இல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்தின் முட்டலும் மோதலும் தாங்காத நடுத்தர வயதுக்காரர்கள் சாவகாசமாக ஆடட்டும் என்று இதை உண்டாக்கினாராம். அலுப்பில்லாத, ஆபத்தில்லாத, தொப்பைக்காரர்களுக்கான ஆட்டம். நூற்றுப்பத்து வருஷம் கழித்து, 2005இல், நார்வேக்காரர்கள் தங்கள் நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, ஆண் வாலிபால்காரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே வலி இருந்தது. மார்கனின் நல்லெண்ணத்தை நான் குறைசொல்லவில்லை.

பதினேழு வயதில் எனக்கும் அந்த இடத்தில் வலித்திருக்கிறது. ஆனால் அது வலி என்று யாரும் அறிவிக்காததால் நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பத்தா நொச்சித்தழையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். தவிட்டு ஒத்தடம் இன்னொரு நாள். முடக்கத்தான் தோசை ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு என்பது சாயங்காலம் பந்து வரும் வரைக்கும். முக்கியமாக அவள் கேட்கும் கேள்வி: ‘குத்துதா, கடுக்குதா, உளையுதா, இழுக்குதா?’ சுருக்கென்று தைப்பது வேறு, விண்விண்ணென்று தெறிப்பது வேறு, மரமரப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு தழை இருந்தது. இப்போது பிசியோதெரபிப் பெண் கேட்டது, ‘வலி பத்துக்கு எத்தனை சார்?’ எனக்கு வாயடைத்துப் போயிற்று. இத்தனை வினைச்சொற்களை வைத்துக்கொண்டு எந்த எண்ணைச் சொல்வது? ‘இறங்கும்போது சுருக்குனு, உட்கார்ந்து எந்திரிச்சா கடுகடுனு’ என்றேன். ‘சரி, நாலுனு போட்டுக்கறேன்’ என்றாள். கணினியில் என் அப்பத்தாவின் அகராதி முழுவதும் ஓர் இலக்கமாகச் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதையை விட்டுவிட்டேன். 2023 பொங்கலுக்கு ஊரில் விளையாட்டுப் போட்டி. இளைஞர்கள் ஆடி முடித்ததும், மைக்கில் ஒருவன், ‘அடுத்ததாகப் பெருசுகள் மேட்ச்’ என்று அறிவித்தான். பெருசு என்றது யாரை என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கோர்ட் ஆற்றில் இல்லை, ஆறே ஆற்றில் இல்லை என்பது வேறு விஷயம். ஊர்ப் பொது இடத்தில் சிமென்ட் தளம், எல்.இ.டி. விளக்கு, நைலான் வலை. மழைக்கு ஊறாத பந்து. எல்லாம் அன்று நாங்கள் ஏங்கியவை. மூன்று எட்டு ஓடினேன், எழும்பினேன். பார்த்தவர்கள் கணக்குப்படி தரைக்கும் எனக்கும் நடுவே ஒரு தினசரியை மடித்துச் செருகலாமாம். இறங்கியது சிமென்டில். அப்படி ஒரு பத்துப் பதினைந்து முறை.

மறுநாள் ஒன்றுமில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாண் வலியின் சூழ்ச்சியே அதுதான் என்று பிறகு புரிந்தது: ஆடும்போது சூடேறச் சூடேற அடங்கிக்கொள்ளும், ‘பார்த்தாயா, ஒன்றுமில்லை’ என்று தட்டிக்கொடுக்கும், ஒரு நாள் விட்டு, கட்டிலிலிருந்து எழும்போது காலைப் பிடிக்கும். நான் அதற்குள் உற்சாகமாகி, மகன் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தினமும் பத்தாயிரம் அடி நடக்கவும், நடுநடுவே ஓடவும் ஆரம்பித்திருந்தேன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘மன்போ கெய்’, பத்தாயிரம் அடி அளவி, என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்துக்கு வைத்த பெயர். அதற்காக வைகைக் கரைச் சாலையில் ஒரு தமிழன் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, இன்னும் அறுநூறு அடி பாக்கி என்று, வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவே நொண்டிக்கொண்டிருந்தான்.

வலி என்று வாயைத் திறந்ததும் ஊரே மருத்துவராகிவிட்டது. ‘ஜவ்வு போயிருச்சுண்ணே’ என்றார் டீக்கடைக்காரர். ‘ஜவ்வு வீங்கியிருக்கு’ என்றார் மைத்துனர். நம்மிடம் முழங்காலுக்குள் இருக்கும் சகலத்துக்கும் ஜவ்வு என்று ஒரே பெயர். எலும்பையும் எலும்பையும் கட்டுவதும் ஜவ்வு, நடுவே மெத்தைபோல் இருப்பதும் ஜவ்வு, தசையையும் எலும்பையும் இணைக்கும் நாணும் ஜவ்வு. அரிசியில் மட்டும் சீரகச்சம்பா வரைக்கும் பிரித்துப் பேசுவோம். முதலில் பார்த்த டாக்டர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ‘தேய்மானம்’ என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, ஆறு வாரம் முழு ஓய்வு எழுதினார். தரையில் உட்காராதே, மாடி ஏறாதே, ஐஸ் வை.

ஐஸ் வைத்தேன். ஐஸ் விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயரத் தூக்கி வை என்ற நாலையும் சேர்த்து ஒரு சுருக்கப் பெயராக்கி உலகத்தின் வாயில் போட்டவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர், 1978இல். பல பத்தாண்டுகள் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அதற்குள் அந்த நாலும் எல்லா விளையாட்டு மைதானங்களின் சுவரிலும் பெயின்டில் ஏறிவிட்டன. அப்பத்தா ஒருபோதும் நொச்சியை வாபஸ் வாங்கியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நொச்சி அந்த நாணுக்கு ஏதாவது செய்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆறு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். வலி போயே போய்விட்டது. ஏழாவது வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன்; திரும்பி வந்துவிட்டது, கூடப் பிறந்தவனையும் கூட்டிக்கொண்டு. அப்புறம்தான் இந்தப் பிசியோதெரபி.

அந்தப் பெண் எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் முட்டிச்சில்லின் கீழ்முனையை ஓர் அழுத்து அழுத்தினாள். நான் கட்டிலிலேயே ஒரு கட் அடித்தேன். ‘ஓடுவீங்களா? குதிப்பீங்களா? சுகர் இருக்கா? சமீபத்துல காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?’ சர்க்கரை இருந்தால் நாண்கள் சீக்கிரம் விறைக்கும், சில வகை ஆன்டிபயாடிக் நாணையே பலவீனமாக்கும் என்று கேள்விக்குக் காரணமும் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே, ‘சந்தேகமே இல்ல சார், ஜம்பர்ஸ் நீ’ என்றாள்.

முழங்காலுக்கு ஆங்கிலத்தில் நீ என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நொடியில் காதில் விழுந்தது தமிழ். குதிக்கிறவன், நீ. முப்பத்தாறு வருஷம் கழித்து, வழுக்கையும் தொப்பையுமாகப் படுத்திருப்பவனைப் பார்த்து, ஊர்ப்பேர் தெரியாத ஒரு பெண், நீ குதிப்பவன் என்று சொல்லிவிட்டாள். 1973இல் பிளேசினா என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் வைத்த பெயராம் அது. நோயின் பெயரைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் சொன்ன விளக்கம் எனக்குத் தேர் வடமாகத்தான் புரிந்தது. தொடைத் தசை ஊர் ஜனம்; முன்காலெலும்பு தேர்; நடுவே முட்டிச்சில்லைத் தாண்டிப் போகும் நாண் வடம். வருஷமெல்லாம் கொட்டகையில் சுருட்டிப் போட்ட வடத்தை ஒரே நாளில் ஊரே சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும்? அதற்காக இழுக்காமலே வைத்திருந்தால் வடம் பலப்படுமா? இழுவைக்குப் பழகிய நாண்தான் இழுவையைத் தாங்கும். படுக்கவைத்தால் வலி தூங்கும், நாணும் கூடவே சோம்பும். ஆகவே ஓய்வும் கூடாது, பெருசுகள் மேட்ச்சும் கூடாது. நடுவிலே ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பொறுமை, அது என்னிடம் எந்த வயதிலும் ஸ்டாக் இருந்ததில்லை.

முதல் பாடம் சுவர் நாற்காலி. 45 வினாடி, நடுவே இரண்டு நிமிஷ ஓய்வு, ஐந்து முறை. அசையாமல் தசையை இறுக்கிப் பிடிப்பதில் வலி அப்போதைக்கு அடங்கும் என்று 2015இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். கண்டது ஆறே ஆறு வாலிபால்காரர்களை வைத்து. ஆறு பேர் என்றதும் எனக்குச் சிரிப்பு. ஒரு டீம், சப்ஸ்டிட்யூட்கூட இல்லை. எல்லாருக்கும் அப்படி அடங்குவதில்லை என்று பின்னால் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அடங்கியது. அதைவிட, அந்த ஐந்து 45 வினாடிகளில் நான் சுவரேறிக் குதித்துப் பார்த்த அத்தனை மேட்னிகளும் இடைவேளையோடு ஓடி முடிந்தன.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் பாடம், தோப்புக்கரணம். அவள் ஸ்குவாட் என்றாள். காதைப் பிடிக்கவேண்டாம், அது ஒன்றுதான் வித்தியாசம். மூன்று வினாடி இறங்க, மூன்று வினாடி ஏற. ஒன்றுக்கு ஆறு வினாடி. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் பாதி ஆழம், சும்மா. பிறகு முதுகுப்பையில் அரிசி. பிறகு ஜிம்மில் எடை. கனமாக, மெதுவாக, பன்னிரண்டு வாரம். 2009இல் டென்மார்க்கில் இந்த முறையையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம்: ஊசி போட்டவர்கள் முதல் சில வாரம் குதூகலமாக இருந்தார்கள், அரை வருஷத்தில் வலி அவர்களைத் தேடி வந்துவிட்டது, மெதுவாகப் பளு தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ‘மெதுவா எறங்கு, மெதுவா ஏறு’ என்று ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலைச் சாற்றோடு சொன்னதைக் கண்டுபிடிக்க டென்மார்க் வரை போகவேண்டியிருந்தது. நம் தோப்புக்கரணத்துக்கும் அமெரிக்காவில் இப்போது சூப்பர் பிரெய்ன் யோகா என்று பெயராம். பிள்ளையார் இன்னும் வழக்குப் போடவில்லை.

இடையில் ஆர்வக்கோளாறில் நானே தேடிப் படித்ததில் ஆல்ஃபிரட்சன் என்ற ஸ்வீடன் டாக்டரின் கதை கிடைத்தது. அவருக்குக் குதிநாண் வலி. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியைக் கேட்டார். அறுந்தால்தான் அறுவை, லீவும் கிடையாது என்றுவிட்டார் அந்த மனிதர். கோபத்தில், அறுத்தே காட்டுகிறேன் என்று படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு எடை ஏற்றினார். நாண் அறியவில்லை போலும், குணமாகிவிட்டது. அதை ஒழுங்குபடுத்தி 1998இல் எழுதினார்: பதினைந்து பதினைந்தாக மூன்று, நேராக ஒருதரம் மடக்கி ஒருதரம், காலையும் மாலையும், ஒரு நாளைக்கு 180. கடுப்பில் பிறந்த வைத்தியம் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம். முட்டிக்கு அதன் தம்பி ஒன்று உண்டு, 25 டிகிரி சாய்ந்த பலகையில் ஒற்றைக்காலில் இறங்குவது. பலகை செய்யச் சொல்லி ஆசாரியிடம் போனேன். அளவைக் கேட்டுவிட்டு, ‘செருப்பு ஸ்டாண்டாண்ணே?’ என்றார். ‘நான் நிக்கிறதுக்கு’ என்றேன். ‘நேராவே நிக்கலாமேண்ணே’ என்றார். பதில் இல்லாததால் பேரம் பேசவில்லை.

இதிலெல்லாம் சட்டம் ஒன்றே ஒன்று. அதை நான் மறுநாள் தீர்ப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். செய்யும்போது வலி பத்துக்கு மூன்று வரை போனால் போகட்டும். ஆனால் மறுநாள் காலை, பல் விளக்கும் முன்னால் இறங்கும் அந்த முதல் படியில், முந்தின நாளைவிட அதிகமாக இருக்கக்கூடாது. இருந்தால் நேற்றைய அளவு அதிகம், குறை. இல்லாவிட்டால் அதே அளவு, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டு. பதினேழு வயதில் மறுநாள் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டப்பென்று சத்தம் கேட்டுக் காலை நீட்டித் தூக்கவே முடியாமல் போனாலோ, முட்டி பந்தாக வீங்கினாலோ, மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டாலோ, சிவந்து சுட்டுக் காய்ச்சலும் அடித்தாலோ, இந்தக் கட்டுரையை மடித்துவைத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள், அது வேறு கதை.

வாழ்க்கை முழுதும் ஏறுவதுதான் கஷ்டம் என்று நம்பி வந்தவனுக்கு, இறங்குவதுதான் கஷ்டம் என்பது ஓர் அதிர்ச்சி. பழனியில் 693 படி. கல்லூரி நாட்களில் ஏறும்போது மூச்சிரைக்கும், இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாவி, பஞ்சாமிர்தம் சிந்தாமல் அடிவாரத்தில் போய் நிற்பேன். சென்ற ஆண்டு நான் படியேறிப் போய், இழுவை ரயிலில் இறங்கினேன். டிக்கெட் கொடுத்தவர், ‘எல்லாரும் விஞ்ச்ல ஏறி நடந்து இறங்குவாங்க, நீங்க என்ன சார்?’ என்றார். முட்டிக்கு முன்னால் இருக்கும் நாண் பிரேக் பிடிக்கும் வேலையில்தான் அதிகம் நோகும் என்று விளக்க நினைத்தேன், வரிசை நீண்டிருந்தது.

தொலைந்தவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது பந்தி. பாயில் சம்மணமிட்டு, பக்கத்து ஆளின் முட்டி நம் முட்டியில் இடிக்க, இலையை நோக்கிக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் ஒரே மூச்சில் எழுந்து நிற்பது என்பது அன்று யாருடைய சாதனையும் அல்ல. இப்போது மேஜைப் பந்தி, அப்புறம் நின்றபடி பஃபே; வீட்டிலும் தரையில் குந்தும் கழிவறையை இடித்து நாற்காலிக் கழிவறை வைத்தவன் நானேதான், அந்தஸ்து என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டியவனும் நானேதான். இருபது வருஷம் முட்டியை முழுக்க மடக்காமல் அரசாண்டுவிட்டு, இப்போது மாதம் ஒருதரம் போய், ‘முழுசா குந்த எப்போ வரும்மா?’ என்று கேட்கிறேன். ‘வரும் சார், வலி அடங்கின அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா’ என்கிறாள். குந்தக் கற்றுக்கொள்ளக் காசு கட்டியிருக்கிறேன் என்று அப்பத்தாவிடம் சொன்னால், வெற்றிலை உரலைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பாள்.

ஆனால் ஒரு செய்தி படித்தேன். அதற்குப் பிறகு என் முட்டியை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 1950களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததில் காற்றில் ஒருவகைக் கரி, கார்பன் 14, வழக்கத்தைவிட மிக அதிகமானது. 1963இல் ஒப்பந்தம் போட்டு அந்த நாடுகளில் பெரும்பாலானவை வானத்தில் வெடிப்பதை நிறுத்தியபின் ஆண்டுக்காண்டு குறைந்தது. பயிர் அதை உண்டது, நாம் பயிரை உண்டோம். எந்த ஆண்டில் எவ்வளவு என்று கணக்கு இருப்பதால், உடம்பின் எந்தப் பகுதி எந்த ஆண்டு உருவானது என்று பார்த்துவிடலாம். டென்மார்க்கில் 2013இல் குதிநாண்களை அப்படிப் பார்த்தார்கள். தசை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. நாணின் உள்மையமோ அந்த மனிதரின் முதல் பதினேழு வருஷத்தோடு நின்றுவிட்டிருந்தது. அதற்குப்பின் புதுப்பிக்கப்படுவது இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

பார்த்தது குதிநாணை. முட்டிநாணும் அந்தக் குடும்பந்தானே என்று நானாக உறவு சொல்லிக்கொள்கிறேன். அப்படியென்றால் நான் பிறந்த 1970இலிருந்து 1987 வரை சோழவந்தான் வயல் விளைவித்த நெல்லும், அப்பத்தாவின் கேழ்வரகும், எங்கோ யாரோ வெடித்த குண்டின் மிச்சமும் சேர்ந்து திரித்த கயிறு ஒன்று, இன்னும் அப்படியே என் சில்லுக்குக் கீழே இருக்கிறது. தலைமயிர் போயிற்று, பல் இரண்டு போயிற்று, ஆற்று மணல் போயிற்று. அந்தப் பயல் மட்டும் போகவில்லை. ‘லிஃப்ட் குடு மாப்ள’ என்று கத்திக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஐம்பத்துமூன்று வயது உடம்பின் எழுபத்தெட்டுக் கிலோவையும் அவன் ஒருவனே இழுக்கிறான். காலையில் முதல் படியில் அவன் முனகும்போது இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. நில்லுடா, மெதுவாகத்தான் போகிறேன் என்கிறேன்.

பதினோராவது வாரம் ஊருக்குப் போயிருந்தபோது டிரில் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதே வெற்றிலைப்பெட்டி, காது கொஞ்சம் மந்தம். முதலில் அடையாளம் தெரியவில்லை. ‘கட் அடிக்கிறவன் சார்’ என்றதும், ‘சொவரு தாண்டுறவன்’ என்று திருத்தினார். முட்டிக் கதையைச் சொன்னேன். மதுரையில் அறுநூறு ரூபாய் என்றபோது கையைக் காதருகே குவித்து, ‘எவ்வளவு?’ என்று இரண்டுமுறை கேட்டார். ‘என்ன பண்ணச் சொல்றாங்க? போட்டுக் காட்டு’ என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவில் போன இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். கைப்பேசிக் கடிகாரத்தை எடுக்கப் போனவனைக் கையமர்த்தினார்.

‘ஒன்னூ... ரெண்டூ...’

சத்தியமாகச் சொல்கிறேன், இறங்க மூன்று வினாடி, ஏற மூன்று வினாடி. நாலாவதில் ‘முதுகை நிமித்து’ என்றார். ஏழாவதில் தொடை நடுங்க ஆரம்பித்தது; வலி பத்துக்கு இரண்டு, ஏறினால் இரண்டரை. பத்து. பதினொன்று. பன்னிரண்டில் அவர் நிறுத்திவிட்டு, சைக்கிள் பையன்களில் ஒருவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, மடியிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்து, கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். நான் பாதியில், முட்டி மடங்கியபடி, காத்திருந்தேன்.

‘எதுல விட்டேன்?’ என்றார்.

‘பன்னெண்டு சார்.’

‘ம், ஏழு’ என்றார். ‘எட்டூ...’